எம்.ஐ.-17: அந்த ஹெலிகாப்டரில் அம்மாவை ஏற்றி அனுப்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில், மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் வந்து உணவுப் பொட்டலம் போட்டது எம்.ஐ.-17 என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2021-இல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்துடன் குன்னூரில் விழுந்ததும் அதே வகை என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். 'அறுபது வருஷத்துப் பழைய ரஷ்ய மாடலை ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்? இதைவிட நல்லது இல்லையா?' என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சேர்த்திருக்கிறீர்கள்: 'அடுத்த தடவை அது மாடிக்கு வந்தால் அம்மாவை ஏற்றி அனுப்பலாமா?' நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்ல மற்றதையும் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விமானப்படையில் 20 வருஷம் இன்ஜின் ஃபிட்டராக இருந்தேன். அதில் பெரும்பகுதி எம்.ஐ.-8, அப்புறம் எம்.ஐ.-17. நான் பைலட் இல்லை. மேகத்துக்குள் நுழைந்தவனின் கை என்ன செய்யும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அனுபவித்ததில்லை. ஆனால் இந்த இயந்திரத்தின் எந்த மூலையில் எண்ணெய் கசியும், எந்தச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது கை பழகிய விஷயம். கீழே எழுதுவதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

'அறுபது வருஷம்' என்பது பாதி உண்மை. மிகாயில் மில் என்ற சோவியத் வடிவமைப்பாளரின் பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் ஆங்கிலத்தில் எம், ஐ என்று நிற்கிறது. ரஷ்யர்கள் 'மி' என்றே சொல்வார்கள். பிஸ்டன் இன்ஜினில் ஓடிய எம்.ஐ.-4-க்கு மாற்றாக, டர்பைன் இன்ஜினுடன் எம்.ஐ.-8-ஐ அவருடைய அலுவலகம் வடிவமைத்தது. முதல் மாதிரி 1961-இல் ஒற்றை இன்ஜினுடன் பறந்தது; அது போதவில்லை என்று அடுத்த வருஷமே இரட்டை இன்ஜின் வைத்தார்கள். 1967 வாக்கில் படையில் சேர்ந்தது. கசானிலும் உலான்-உதேயிலும் உள்ள தொழிற்சாலைகள் இன்று வரை இந்தக் குடும்பத்தைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. எத்தனை செய்தார்கள் என்பதில் கணக்குகள் முரண்படும். 12,000-க்கு மேல் என்பதில் சந்தேகம் இல்லை. 17,000 என்றும் எழுதுகிறார்கள். அதை நான் அடித்துச் சொல்லமாட்டேன். எப்படிப் பார்த்தாலும் உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட ஹெலிகாப்டர்களில் இது ஒன்று.

1975-இல் இதே உடம்பில் வலுவான புது இன்ஜின்களையும் புது கியர் பாக்ஸையும் வைத்து ஒன்றைப் பறக்கவிட்டார்கள். அதை ஏற்றுமதி செய்யும்போது வைத்த பெயர்தான் எம்.ஐ.-17. பழைய எம்.ஐ.-8-இல் இன்ஜின் ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன். இதில் சுமார் 1,900. இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எம்.ஐ.-8-இல் வால் விசிறி வலப்பக்கம் இருக்கும், எம்.ஐ.-17-இல் இடப்பக்கம். அந்தப் பக்கத்தில் வைத்தால் அதன் இழுவை கூடுகிறது என்பதால் மாற்றினார்கள். அப்புறம் நம் விமானப்படைக்கு வந்தது எம்.ஐ.-17 வி5. 2008 டிசம்பரில் 80-க்கு ஒப்பந்தம், பிறகு 71 கூடுதலாக, ஆக 151. 2011-இல் வரத் தொடங்கி 2016-இல் கடைசி வண்டி வந்து சேர்ந்தது. ஆக உங்கள் மாடிக்கு மேலே வந்தது அறுபது வயதுக் கிழம் இல்லை. வடிவம் தாத்தாவுடையது, வண்டி பேரனுடையது. விமானி முன்னால் ஊசி முள் மீட்டர்கள் இருந்த இடத்தில் இப்போது நான்கு திரைகள். இரவில் பார்க்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம், வானிலை ரேடார் உண்டு, தானியங்கி உண்டு. பின்னால் சிப்பி மாதிரி இரண்டாகத் திறக்கும் கதவு போய், லாரியின் பின்பலகை மாதிரி இறங்கும் சாய்தளம் வந்துவிட்டது. நிஜமான எம்.ஐ.-8-களை 2017 டிசம்பரில் பெங்களூரு யெலஹங்காவில் மரியாதை செய்து வழியனுப்பிவிட்டார்கள்.

'மீடியம் லிஃப்ட்' என்று சொல்கிறார்களே, அது என்ன அளவு என்று கேட்டால், மொத்த எடை 13 டன் வரை. வயிற்றுக்குள் 4 டன் சரக்கு. அடியில் கட்டித் தொங்கவிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு. 24 முதல் 36 படைவீரர்கள், அல்லது 12 ஸ்ட்ரெச்சர். மணிக்கு அதிகபட்சம் 250 கிலோமீட்டர். இதைவிடச் சின்னதான சீட்டா நான்கைந்து பேரோடு நின்றுவிடும். பெரியதான எம்.ஐ.-26-ஐ நிறுத்தவே ஒரு மைதானம் வேண்டும், தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. நடுவில் இருக்கும் இந்த 13 டன்தான் அன்றாட வேலைக்கு ஒத்துவருகிறது. ஊரில் மாட்டுவண்டிக்கும் பதினாறு சக்கர லாரிக்கும் நடுவில் ஒரு 407 வேன் இருக்குமே, அந்த இடம்.

சரி, இதை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? இதற்குப் புத்தகத்தில் இருக்கும் பதிலைவிட ஹேங்கரில் இருக்கும் பதில் எனக்குப் பிடிக்கும். எங்கள் ஆட்கள் ஹெலிகாப்டரை 'ஹெப்டர்' என்பார்கள். அதிகாலை இருட்டில் பறப்புக்கு முந்தைய சோதனைக்கு மேலே ஏறுவோம். இன்ஜின் மூடிகளைத் திறந்து கீழே மடக்கினால் அவையே நிற்கும் பலகையாகிவிடும். ஏணி, ஸ்டாண்டு எதுவும் தேவையில்லை. பனிமலையில் ஒற்றைக் கான்கிரீட் தளத்தில் வண்டி நின்றாலும் இரண்டு பேர் ஏறி வேலையை முடித்துவிடலாம். சைபீரியாவில் ஹேங்கர் இருக்காது என்று தெரிந்தே வரைந்திருக்கிறார்கள். சுழலும் இறக்கைகள் ஐந்து, விட்டம் 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு இறக்கைக்குள்ளும் முதுகெலும்பு மாதிரி ஓர் அலுமினியக் குழாய் ஓடும். அதற்குள் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும் காற்று கசியும். கசிந்தால் இறக்கையின் அடிப்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் சிவப்புப் பட்டை தலைகாட்டும். டார்ச் அடித்து ஐந்து குப்பிகளையும் பார்ப்பதுதான் என் காலை வேலை. கம்ப்யூட்டர் வேண்டாம், சென்சார் வேண்டாம், கண் இருந்தால் போதும். சிவப்பு தெரியவில்லை என்றால் அந்த இறக்கை இன்றைக்குப் பறக்கும். இத்தனை வருஷத்தில் நான் சிவப்பைப் பார்த்தது ஒரே தடவை. அன்று அந்த வண்டி நகரவில்லை.

அப்புறம் ஸ்டார்ட் செய்வது. முதுகில் ஒரு குட்டி டர்பைன் இருக்கிறது. பேட்டரி அதைக் கிளப்பும். அது ஊதும் காற்று பெரிய இன்ஜினைக் கிளப்பும். விசில் போலத் தொடங்கி காதைக் குடையும் அந்த ஊளை, மண்ணெண்ணெய் வாசனை, பிறகு ஐந்து இறக்கைகளும் தூக்கத்திலிருந்து எழுவது போல மெதுவாக அசைவது, உடம்பு முழுக்க இடமும் வலமும் ஆடுவது. முதல் தடவை உள்ளே உட்கார்ந்தவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். அந்த ஆட்டம் சாதாரணம்தான். இன்ஜினின் கடைசி டர்பைன் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றும், தலைக்கு மேலே இறக்கை 192 சுற்றுதான். நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ்தான் இந்த ஹெப்டரின் இதயம். எங்கள் இடத்தில் ஒரு பழைய வசனம் உண்டு: எண்ணெய் ஒழுகுகிறதே என்று கவலைப்படாதே, ஒழுகவில்லை என்றால்தான் கவலைப்படு, உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேடிக்கைதான். பதிவேட்டில் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு எழுதத்தான் செய்தோம்.

இந்த எளிமைக்காகத்தான் ராணுவம் அல்லாதவர்களும் இதை வாங்கினார்கள். மேற்குச் சைபீரியாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளும் குழாயும் போனது இதில்தான். கஜகஸ்தான் புல்வெளியில் சோயுஸ் கலம் இறங்கும்போது வட்டமிட்டுக் காத்திருந்து விண்வெளி வீரர்களைத் தூக்கிப் போவதும் இந்தக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவில் வெள்ளை வண்ணம் அடித்து, பக்கத்தில் யு.என். என்று எழுதிய ஹெலிகாப்டரைப் பார்த்தால் அது பெரும்பாலும் எம்.ஐ.-8 அல்லது 17. இலங்கை விமானப்படையும் தன் எம்.ஐ.-17-களை மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு ஐ.நா. பணிக்கு அனுப்பியிருக்கிறது. நேபாளத்தில் சாலை போகாத மலையூர்களுக்குச் சிமெண்டும் தகரமும் அரிசியும் சுமக்கிறது. 1986-இல் செர்னோபிலில் அணு உலை எரிந்தபோது மேலிருந்து சுமார் 5,000 டன் மணல், களிமண், ஈயம், போரான் கொட்டினார்களே, அந்த வேலையில் எம்.ஐ.-8-கள் முன்வரிசையில் இருந்தன. அந்த வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி ஓர் எம்.ஐ.-8-இன் இறக்கை கிரேன் கம்பியில் தட்டி, உலையின் பக்கத்திலேயே விழுந்து நால்வரும் இறந்தார்கள். அந்தக் காணொளி இணையத்தில் இருக்கிறது. இறக்கைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் தேவை என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

நம் பக்கம் வந்தால், 2004 சுனாமி கார் நிக்கோபார் விமானத்தளத்தையே புரட்டிப் போட்டபோது, அங்கே இருந்த எம்.ஐ.-8-கள்தான் அந்தக் காலையிலேயே எழும்பி மிதந்தவர்களையும் தவித்தவர்களையும் தூக்கின. 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீ. 2023 வெள்ளத்தில் சூலூரிலிருந்து வந்தவை உங்களுக்கே தெரியும்; கர்ப்பிணிப் பெண்ணையும் ஒன்றரை வயதுக் குழந்தையையும் தூக்கிய செய்தி அப்போது வந்தது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் தீப்பிடித்தபோது, அடியில் பெரிய துணிவாளி ஒன்றைத் தொங்கவிட்டு அணைத் தண்ணீரை மொண்டு ஊற்றியதும் எம்.ஐ.-17 வி5தான். 'பாம்பி பக்கெட்' என்பார்கள், ஒரு மொண்டலுக்கு 3,500 லிட்டர் வரை பிடிக்கும். 2021-இல் எந்த மலையில் விழுந்ததோ அதே மலை.

போரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் விற்பனைப் பிரதிநிதி மாதிரி ஆகிவிடுவேன். இது லாரி. லாரிக்குத் துப்பாக்கி மாட்டலாம், ராக்கெட் மாட்டலாம், ஆனால் அது பீரங்கி வண்டி ஆகிவிடாது. 1999 மே 28-ஆம் தேதி கார்கிலில் தோலோலிங் மேல் ராக்கெட் தாக்குதலுக்குப் போன எம்.ஐ.-17 ஒன்றைத் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை அடித்தது. வெப்பம் தேடி வரும் ஏவுகணையைத் திசைதிருப்பும் தீச்சுடர்க் கருவி அந்த வண்டியில் இல்லை. நால்வரும் இறந்தார்கள். அதோடு அங்கே தாக்குதல் வேலையிலிருந்து எம்.ஐ.-17-ஐ விலக்கினார்கள். அதற்கும் முன்னால் 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானம். இந்திய எம்.ஐ.-8-கள் குண்டு மழையில் இறங்கி ஆட்களை விட்டுவிட்டு ஓட்டை ஓட்டையாகத் திரும்பின. அடுத்தடுத்த நடைகளைத் தொடர முடியவில்லை. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். அத்தனை அடி வாங்கியும் வண்டிகள் திரும்பி வந்தன என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். திட்டமே தப்பாக இருந்தால் வண்டி திரும்பி என்ன, திரும்பாவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும். ஈழத்தமிழர்களுக்கு இந்தச் சத்தம் இன்றும் வேறு நினைவுகளைக் கிளப்பும் என்பதும் தெரிந்தே எழுதுகிறேன்.

அமெரிக்கா கதை ஒன்று உண்டு. 2001 செப்டம்பர் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த முதல் சி.ஐ.ஏ. குழு பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் இறங்கியது ரஷ்ய எம்.ஐ.-17-இல்தான். அந்த மலை உயரத்துக்குப் போகக் கையில் கிடைத்த வண்டி அது. பிறகு ஆப்கன் படைக்கென்று 63 எம்.ஐ.-17 வி5-களை அமெரிக்க அரசே ரஷ்யாவிடமிருந்து காசு கொடுத்து வாங்கியது. அப்புறம் அரசியல் மாறி, அவற்றுக்குப் பதில் தங்கள் நாட்டு பிளாக் ஹாக்கைக் கொடுத்தார்கள். எம்.ஐ.-17 தூக்கும் சுமையை அதே உயரத்தில் பிளாக் ஹாக் தூக்காது என்று அவர்களுடைய கண்காணிப்பு அதிகாரிகளே அறிக்கை எழுதினார்கள். பிளாக் ஹாக் மட்டம் என்பதல்ல இதன் பொருள். அதை வேறு வேலைக்குச் செய்திருக்கிறார்கள். 'இதைவிட நல்லது இல்லையா' என்று கேட்டீர்களே, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பதில் உண்டு.

உயரம் என்று சொன்னதால் அதையும் விளக்கிவிடுகிறேன், விபத்துகளைப் புரிந்துகொள்ள அது வேண்டும். இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. காற்று மெலிந்தால் தள்ள ஒன்றும் இல்லை. கேதார்நாத் உயரம் 3,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். இன்ஜினுக்கும் அதே காற்றுதான் சுவாசம், ஆக இரண்டு பக்கமும் அடி. எம்.ஐ.-17 6,000 மீட்டர் வரை ஏறும் என்று ஏட்டில் இருப்பது உண்மைதான், ஆனால் நான்கு டன் ஏற்றிக்கொண்டு அந்த உயரத்தில் அந்தரத்தில் நிற்க முடியும் என்று அதற்குப் பொருள் இல்லை. மலை ஏற ஏற மூட்டையை இறக்கிக்கொண்டே போக வேண்டும்.

இப்போது விபத்துகள். 2013 ஜூன் 25, உத்தராகண்ட் வெள்ளம். கேதார்நாத்தில் இறந்தவர்களை எரிக்க விறகு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிய வி5 ஒன்று கௌரிகுண்ட் அருகே மலையில் மோதியது. விமானப்படையினர், பேரிடர் மீட்புப் படையினர், இந்தோ-திபெத் எல்லைக் காவலர்கள் என 20 பேரும் இறந்தார்கள். குறுகிய பள்ளத்தாக்கு, மழைக்காலம், மேகம். 2019 பிப்ரவரி 27, காஷ்மீரில் பட்காம். அங்கே வண்டியும் காரணமில்லை, வானிலையும் காரணமில்லை. நம் சொந்த ஏவுகணையே அடித்து வீழ்த்தியது. ஆறு படையினரும் தரையில் இருந்த ஒரு பொதுமகனும் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

குன்னூருக்கு வருகிறேன். உறுதியாகத் தெரிந்தவை இவை. 2021 டிசம்பர் 8, காலை 11.48-க்குச் சூலூரிலிருந்து புறப்பட்டது. வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15-இல் இறந்தார். பதிவுக் கருவிகள் கிடைத்தன. முப்படை விசாரணை 2022 ஜனவரியில் வெளியிட்ட முடிவு: இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியம் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பி, இயந்திரம் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையில் மோதியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் அதே விபத்துக்கு எதிரே 'மனிதத் தவறு' என்று இரண்டே வார்த்தை இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்ப எழுதிய சொல் அது. ஆனால் அந்தச் சொல் நடந்ததைவிடச் சின்னது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

திசையுணர்வு குழம்புவது என்றால் என்ன? ரயில் நிலையத்தில் உங்கள் வண்டி நின்றுகொண்டிருக்கும். பக்கத்து வண்டி நகரும். நாம்தான் கிளம்பிவிட்டோம் என்று ஒரு கணம் உடம்பு நம்பும். நடைமேடைத் தூணைப் பார்த்ததும் தெளியும். மேகத்துக்குள் அந்தத் தூண் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வலப்பக்கம் சாய்கிறோம் என்று சொல்லும், கருவி நேராக இருக்கிறோம் என்று சொல்லும். கருவியை நம்பி உடம்பை மறுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி உண்டு. சமவெளி மேல் என்றால் அதற்கு நேரமும் உண்டு. சூலூர் 400 மீட்டருக்குக் கீழே, வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேலே. டிசம்பரில் அந்தச் சரிவில் மேகம் நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறியவர்களுக்கே அது தெரியும். எதிரே மலை இருக்கும்போது பைலட்டுக்குக் கிடைப்பது நொடிகள்தான். அந்த நொடிகளில் உள்ளே என்ன பேசினார்கள், திரும்ப நினைத்தார்களா என்று யூகித்து எழுதுபவர்கள் நிறைய. சதி என்று எழுதுபவர்களும் நிறைய. வெளியான முடிவில் அவற்றுக்கு இடம் இல்லை. அது தவிர எதையும் நான் சேர்த்துச் சொல்லப்போவதில்லை.

இவற்றை அடுக்கியதால் எம்.ஐ.-17 இயந்திரக் கோளாறில் விழுவதே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் பறக்கும் எதுவும் எல்லாக் காரணத்துக்கும் விழும். சரியாகப் பராமரிக்காத நிறுவனங்களின் கையில் கியர் பாக்ஸும் வால் விசிறியும் பழிவாங்கியிருக்கின்றன. நம் நாட்டில் எல்லோர் நினைவிலும் நிற்கும் விபத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றில் பழைய ரஷ்யச் சரக்கு என்பது காரணமாக வரவில்லை, அவ்வளவுதான் என் வாதம். இன்னும் புதிய, இன்னும் விலை கூடிய ஹெலிகாப்டரைக் கொண்டுபோய் அதே மேகத்துக்குள் விட்டாலும் மலை விலகி நிற்காது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்வேன்: நிலப்பரப்பை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவிகளும் மேம்பட்ட தானியங்கியும் உள்ள வண்டிகளில் இந்தச் சில நொடிகள் கொஞ்சம் கூடும்.

வயதைவிட எனக்குக் கவலை தருவது உதிரிப்பாகம். இந்த இன்ஜின் வகையைப் பல காலம் செய்து கொடுத்தது இன்றைய உக்ரைனின் சப்போரிஷியா தொழிற்சாலை. உடம்பு ரஷ்யாவில். 2022-இல் இரண்டு நாடும் போரில் இறங்கியபின் அந்தச் சங்கிலி என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ரஷ்யா தன் இன்ஜினைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் செய்துகொள்கிறது. நம் விமானப்படை சண்டிகரில் உள்ள தன் பணிமனையிலேயே இவற்றை முழுதாகப் பிரித்துப் பூட்டுகிறது. அதனால் நாளைக்கே நின்றுபோகாது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் இதே 13 டன் அளவில் சொந்தமாக ஒன்றை வடிவமைத்துவருகிறது, இன்ஜினுக்குப் பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டு, அந்த இன்ஜினுக்கு 'ஆரவல்லி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பெயர் வைப்பதற்கும் பறப்பதற்கும் நடுவில் நம் ஊரில் எத்தனை வருஷம் ஆகும் என்பதைப் பழைய ஆள் என்ற முறையில் சொல்லாமல் விடுகிறேன். அதுவரை இதுதான்.

ஆகவே அம்மாவை ஏற்றி அனுப்பலாமா? அனுப்பலாம். உங்கள் ஊர் சமவெளி, மலை இல்லை. அந்த உயரத்தில் இன்ஜினுக்கு மூச்சு முட்டாது. இரண்டு இன்ஜினில் ஒன்று நின்றாலும், இலகுவான சுமையில் மற்றது பத்திரமாக ஓர் இடத்தில் கொண்டு சேர்க்கும். வெள்ளத்தில் நிற்கும் பழைய வீட்டின் சுவரைவிட, மேலிருந்து இறங்கும் மீட்புக் கயிறு எனக்கு நம்பிக்கை. மேகம் தாழ்ந்திருக்கிறது, இன்றைக்கு வரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் மட்டும், கலெக்டருக்குப் போன் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். மேலே படித்த எல்லாமும் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

வண்டி வருவதற்குள் செய்ய வேண்டியவை சில. பத்துப் பன்னிரண்டு டன்னைத் தாங்கும் காற்று கீழே இறங்கும்போது, கணக்குப் போட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும். மாடியில் கிடக்கும் தகரம், பிளாஸ்டிக் நாற்காலி, தார்ப்பாய், உதிரி டிஷ் ஆன்டெனா எல்லாவற்றையும் கட்டுங்கள் அல்லது வீட்டுக்குள் தள்ளுங்கள். பறக்கிற தார்ப்பாய் ஒன்று இறக்கையில் சுற்றினால் மேலே இருப்பவர்களுக்கும் ஆபத்து, கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து. கொடிக்கம்பியை அறுத்துவிடுங்கள். எல்லோரும் ஒரு மூலையில் குந்தி உட்காருங்கள். ஓடி வந்து கையாட்ட வேண்டாம், ஒருவர் மட்டும் பளிச்சென்ற துணியை ஆட்டினால் போதும், அதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. தரையில் இறங்கினால் பின்பக்கம் போகவே கூடாது. முன்னால் இடப்பக்கக் கதவு, உள்ளே இருப்பவர் கையசைத்த பிறகு, குனிந்து போகலாம்.

இறங்க இடமில்லாமல் கயிறு வந்தால், அம்மாவின் சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுங்கள். மாத்திரைப் பையைக் கழுத்தில் மாட்டுங்கள், கையில் எதுவும் வேண்டாம். கொக்கியை மாடிக் கம்பியில் எதிலும் மாட்டக் கூடாது, வண்டியைத் தரையோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். பறந்து வரும் ஹெலிகாப்டரின் உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் வயதானவர் தூக்கிவாரிப் போட்டு விழுவார். கொக்கி முதலில் தரையையோ தண்ணீரையோ தொடட்டும், அப்புறம் கையை நீட்டுங்கள்.